ஆரூரனுக்கு விருப்பமான சாப்பாடு

"ஆரூரனுக்கு விருப்பமான சாப்பாடு எது?"

என்னிடம் ஒருநாள் இப்படிக் கேட்டவர் கஜந்தினி அக்கா. நேரில் கேட்கவில்லை. வங்கி வழியாக அவர் அனுப்பிய காசோடு அம்மாவின் போனுக்கு அந்தக் கேள்வியும் வந்திருந்தது. சரியான பதிலை எழுதினால் காசு எங்கள் கணக்கில் விழும். பிழையாக எழுதினால் விழாது.

ஆரூரன் அவருடைய மகன். மூன்று வயது. ரொக்ஸ்பரோவில் எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் அம்மா நடத்தும் கார்டெரிக்கு, பிள்ளைகளைப் பகலில் பராமரிக்கும் இடத்துக்கு, வருகிறான். மானியம் உள்ள கார்டெரி. தாய் தகப்பன் நாளுக்கு ஒரு சிறு தொகை தந்தால் போதும், மிச்சத்தை அரசாங்கம் அம்மாவுக்குத் தரும். ஆறு பிள்ளைகள் வரை அம்மா தனியாகப் பார்க்கலாம். ஏழாவது பிள்ளை வந்தால் ஓர் உதவியாளர் கட்டாயம் வேண்டும். ஆரூரன்தான் ஏழாவது. உதவியாளர் நான்.

நான் பள்ளிக்கூடத்தை இடையில் விட்டவள். பிரெஞ்சு வகுப்பில் எழுந்து நின்று பேசவேண்டிய நாட்களில் எனக்கு வயிற்றுவலி வரும். பிறகு எல்லா நாட்களிலும் வந்தது. வீட்டில் சும்மா இருந்த என்னை அம்மா ஒரு பயிற்சிக்கு அனுப்பி, உதவியாளராக எழுதிக்கொண்டார்.

"அவன் வந்தபடியால்தான் உனக்கு வேலை" என்றார். "அவன்ர தாய் தகப்பன் தாற காசு உனக்குச் சம்பளம். நீயே கேட்டு வாங்கு."

கேட்கத் தெரியாத ஒருத்தியிடம் கேட்டு வாங்கும் வேலையைக் கொடுத்தால் என்ன நடக்குமோ அதுவே நடந்தது. முதல் மாதம் காசு வந்தது. அடுத்த மாதம் பாதி வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை.

எனக்கு அந்தக் காசு கார் ஓட்டப் பழகுவதற்கு வேண்டும். டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் இருக்கும் ஓட்டுநர் பள்ளியில் பெயர் கொடுத்திருந்தேன். கார் இருந்தால் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போது பக்கத்தில் நிற்பவர் வானிலையைப் பற்றிக் கேட்க மாட்டார். எங்கேயும் போய், ஒருவரோடும் பேசாமல் திரும்பி வரலாம். இதை அம்மாவிடம் சொன்னால் சிரிப்பார் என்பதால் "பிள்ளைகளுக்குச் சாமான் வாங்க உதவும்" என்று சொல்லி வைத்திருந்தேன். புதிய வகுப்பு ஒரு சனிக்கிழமை தொடங்க இருந்தது. முதல்நாள் வெள்ளி மாலை ஆறு மணிக்குள் காசு கட்டாவிட்டால் என் இடம் வேறு ஒருவருக்குப் போய்விடும். அடுத்த வகுப்பு பனி கரைந்த பிறகுதான்.

மற்றத் தாய் தகப்பன்மார் வெள்ளிக்கிழமைகளில் தந்துவிடுவார்கள். மட்டக்களப்பு அக்னெஸ் அக்கா சப்பாத்தைக் கழற்றும் முன்பே நீட்டுவார். "இந்தா புள்ள, எண்ணிப் பாரு, பிறகு என்னக் கள்ளி எண்டு சொல்லப்படாது" என்பார். கஜந்தினி அக்காவிடம் கேட்டால் கையைக் கன்னத்தில் வைப்பார்.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா ஆரும் வீட்டுக் காசை வெளிய குடுப்பினமோ, தங்கச்சி? லட்சுமி போயிடுவா. நான் கோயிலுக்கு வெளிக்கிட்டு நிக்கிறன், நீ காசுக் கதை கதைக்கிறாய்."

திங்கள் கேட்டால், "கிழமை தொடங்கேக்கயே செலவோ? பேந்து தாறன்" என்று பிறகுக்குத் தள்ளுவார். செவ்வாயும் வெள்ளியைப் போலத்தான். புதன், வியாழனில் அவருடைய கணவர் பிருந்தன் அண்ணை வந்து பிள்ளையைக் கூட்டிப்போவார். "காசு கீசெல்லாம் அவதான்" என்று சொல்லி, காரின் கண்ணாடியை ஏற்றிவிடுவார். வெள்ளை நிறத்தில் பெரிய புதுக் கார். கர்க்லாண்டில் வீடும் புதுசு.

ஒருமுறை மட்டும் நான் விடாமல் நின்றேன். "அக்கா, ரெண்டு மாதமாச்சு."

"அரசாங்கம் தருதுதானே?" என்றார் அவர். "பிள்ளைக்கு இவ்வளவு எண்டு மாதாமாதம் உங்களுக்கு வருது. பேந்து ஏன் எங்கட சில்லறைக்கு நிக்கிறியள்?"

அந்தச் சில்லறைதான் என் சம்பளம் என்று சொல்ல வாய் வரவில்லை. இரவு படுக்கையில் அந்த வசனத்தைப் பல விதமாகச் சொல்லிப் பார்த்தேன். எல்லா விதமும் நன்றாக வந்தது.

அம்மாவிடம் முறையிட்டேன்.

"முகம் முறிக்க ஏலாது பிள்ளை" என்றார். "நாளைக்குக் கோயிலில பாக்கிறேல்லையோ? அதோட வரவுத்தாளில அவள் கையெழுத்து வைக்கோணும்."

பிள்ளை வந்த நாட்களை நாங்கள் வரவுத்தாளில் குறிப்போம். நாலு கிழமைக்கு ஒருமுறை தாயோ தகப்பனோ அதில் கையெழுத்து வைத்தால்தான் அரசாங்கக் காசு வரும். அம்மாவின் பயம் அதுதான். காசு தராதவர் கையெழுத்தையும் தராமல் விட்டால்?

"நிப்பாட்டுறம் எண்டு சொல்லுங்கோவன்" என்றேன்.

"நிப்பாட்டினா உனக்கு வேலை இல்லை" என்றார் அம்மா. அதுவும் சரிதான்.

பிறகு நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். "அக்கா, கையால தரவேண்டாம். போனில அனுப்புங்கோ." இதை நேரில் சொல்லவில்லை, எழுதி அனுப்பினேன். அந்த வெள்ளிக்கிழமை பிள்ளைகள் போன பிறகு, நாங்கள் பாய்களை மடித்துக்கொண்டிருந்தபோது அம்மாவின் போன் சத்தமிட்டது. கேட்ட தொகை முழுவதும் இருந்தது. கூடவே கேள்வியும்.

"சீ, இதென்ன சோதனை" என்று அம்மா சிரித்தார். "பிட்டு எண்டு போடு. ஒவ்வொரு நாளும் அதுக்குத்தானே அழுகிறான்."

எனக்கும் அதில் சந்தேகம் இருக்கவில்லை. அவனுக்குப் பிட்டைச் சீனியோடு குழைத்து உருட்டிக் கொடுப்பவள் நான். ஆனால் ஆங்கில எழுத்தில் எப்படி எழுதுவது? எங்கள் ஆட்கள் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுவதற்குச் சட்டம் கிடையாது. தக்ஷினி என்ற என் பெயரையே சொந்தக்காரர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதுவார்கள். டீயில் (D) தொடங்குபவர் உண்டு, ரீயில் (T) தொடங்குபவர் உண்டு, ரீக்குப் பக்கத்தில் எச் வைப்பவரும் உண்டு.

"'பீ'க்குப் பிறகு 'ஐ'யா, 'யூ'வா?" என்றேன்.

"யாழ்ப்பாணத்தார் பிட்டு எண்டுதானே சொல்லுறது? ஐ போடு. பேந்து ரெண்டு ரீ."

பிழை என்று வந்தது.

"அவள் டீ போடுற ஆள். அவளின்ர பழைய மெசேஜைப் பார், வீட்டுக்குக்கூட டீதான் போட்டிருக்கிறாள்."

இரண்டு டீ போட்டேன். பிழை. கஜந்தினி அக்காவை அழைத்தோம். மணி அடித்தபடியே இருந்தது. எழுதிக் கேட்டோம். பார்த்ததாக அடையாளம் வந்தது, பதில் வரவில்லை. ஒரு தரம்தான் மிச்சம் என்று வங்கி எச்சரித்தது. விட்டுவிடலாம் என்றேன். அம்மா என் கையில் இருந்து போனை வாங்கி, யூ போட்டு, தானே அழுத்தினார். அதுவும் பிழை; காசு பூட்டிக்கொண்டது.

"இந்தியன் கடையில யூதானே எழுதியிருக்கிறான்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

கேள்வி இல்லாமல் நேரே கணக்கில் விழச் செய்யும் வழியும் வங்கியில் இருக்கிறது. அதைச் சொன்னேன். "ஆர் எவர் எண்டு கேக்காமல் கதவைத் திறந்து விடுறதோ?" என்று அம்மா மறுத்துவிட்டார்.

திங்கள் காலை கஜந்தினி அக்கா வாசலில் நின்றே கதைத்தார்.

"நான் அனுப்பினது அனுப்பினதுதான். எடுக்கத் தெரியாட்டி நான் என்ன செய்ய? பிட்டு எண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது? பீட்சாவெல்லோ."

"இஞ்ச பிட்டுத்தான் கேக்கிறவர், அக்கா" என்றேன்.

"இஞ்ச நீங்கள் அதைத்தானே குடுக்கிறியள்."

அவர் அப்படிச் சொன்னபோது ஆரூரன் என் காற்சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவனுக்கு மூக்குத் துடைத்துவிட்டேன். திருப்பி எடுத்து மறுபடி அனுப்பச் சொன்னதற்கு, "பேந்து" என்று சொல்லிப் போனார். அந்தக் கிழமை முழுவதும் பேந்து, பேந்து என்றே போயிற்று. ஆரூரன்கூட விளையாட்டுக் காரைத் திருப்பிக் கேட்டால் "பேந்து" என்கிறான்.

கடைசி வெள்ளி வந்தது. அன்று வரவுத்தாளில் கையெழுத்து வாங்கும் நாளும்கூட.

பின்னேரம் அக்னெஸ் அக்கா தந்த காசும் மற்றவர்கள் தந்ததும் அம்மாவின் கையில் இருந்தன. கூட்டினால் ஓட்டுநர் பள்ளிக்குப் போதும். "அம்மா, இதை எனக்குக் கடனாத் தாங்கோ. அவ தந்த உடனை திருப்பித் தாறன்."

அம்மா காசைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்தார். "வெள்ளிக்கிழமை பிள்ளை. விளக்கும் வைச்சிட்டன்."

"நான் இந்த வீட்டு ஆள்தானே."

"நீ. ஆனா காசு டொலார்டுக்கெல்லோ போகப் போகுது."

எனக்கு வந்த கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பிள்ளைகளின் சப்பாத்துகளைச் சோடி சோடியாக அடுக்கினேன். ஏற்கெனவே அடுக்கியிருந்தவற்றையும் கலைத்து அடுக்கினேன்.

"அவள் வரட்டும்" என்றார் அம்மா. "முதல் கையெழுத்து. பேந்து நீ கேள்."

கஜந்தினி அக்கா ஐந்து மணி கழித்துத்தான் வந்தார். கோயிலுக்குப் போகும் சேலை, அதன் மேல் தடித்த ஜாக்கெட். வெளியே கார் இயங்கிக்கொண்டிருந்தது. அம்மா சிரித்தபடி தாளை நீட்டினார். அவர் சுவரில் வைத்துக் கையெழுத்திட்டார். தாள் அம்மாவின் கைக்கு வந்ததும் அம்மாவின் முழங்கை என் விலாவில் இடித்தது.

"அக்கா" என்றேன். "அந்தக் காசைத் திருப்பி எடுத்திட்டீங்களோ?"

"ஓம், அது வந்திட்டுது. பேந்து அனுப்புறன்."

"இப்ப அனுப்பலாமோ? எனக்கு ஆறு மணிக்கு முதல் கட்டவேணும். கார்ப் பள்ளிக்கூடத்துக்கு. அது என்ர சம்பளம், அக்கா."

சொல்லிவிட்டேன். வசனம் முழுதாக வந்தது.

கஜந்தினி அக்கா என்னைப் புதிதாகப் பார்ப்பவர்போலப் பார்த்தார். "உனக்குக் கதைக்கவும் வருமோ?" என்று சிரித்தார். "இண்டைக்கு வெள்ளியெல்லோ, தங்கச்சி. தெரியும்தானே."

"போன வெள்ளி அனுப்பினீங்கள்தானே, அக்கா."

வெளியே காரின் உறுமல் மட்டும் கேட்டது. அந்த அமைதியை அம்மாவால் தாங்க முடியவில்லை என்று நினைக்கிறேன். சிரிப்பாக்கி முடித்துவிடலாம் என்றுதான் வாயைத் திறந்திருப்பார்.

"அது விழாத காசுதானே" என்றார் அம்மா. "அதுதான் லட்சுமி பேசாமல் வீட்டிலயே இருந்திட்டாபோல."

சொன்ன பிறகுதான் அம்மாவுக்கே அது கேட்டது. கையால் வாயைப் பொத்திக்கொண்டார். கஜந்தினி அக்காவின் சிரிப்பு அப்படியே நின்றது. ஜாக்கெட்டுக்குள் இருந்து போனை எடுத்தார். நீளமான நகங்களால் தட்டத் தொடங்கினார். நகம் கண்ணாடியில் படும் சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது. இடையில் ஒருமுறை நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு, மறுபடி தட்டினார்.

அம்மாவின் போன் சத்தமிட்டது. எடுத்துப் பார்த்தேன். தொகை முழுவதும் இருந்தது. கீழே, ஆங்கில எழுத்தில் தமிழ்.

"ஆருக்கு அவசரம்?"

அம்மா என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "உன்ர பேர்தானே?" என்று காதுக்குள் கேட்டார். என் பெயராக இருக்கலாம். அம்மாவின் பெயராகவும் இருக்கலாம். என் பெயர் என்றால் டீயா, ரீயா, எச் உண்டா? மணி ஐந்தரை தாண்டிவிட்டது. மூன்று தரம்தான் விடுவார்கள்.

"கேள்" என்றார் அம்மா மெதுவாக.

"நீங்கள் கேளுங்கோ."

"நான் இனி எந்த முகத்தோட கேக்கிறது? நீதானே கதைக்கப் பழகிட்டாய், கேள்."

கஜந்தினி அக்கா குனிந்து ஆரூரனின் ஜாக்கெட்டைப் பூட்டினார். தொப்பியை அவன் காது வரை இழுத்துவிட்டார். ஒரு கையுறையைக் காணவில்லை; நான் அதைத் தேடி எடுத்து நீட்டினேன். வாங்கிக்கொண்டார். எங்களுக்கு வேண்டியிருந்தது ஒரேயொரு சொல். அக்கா என்று நான் தொடங்கியபோது, பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, கதவைத் தோளால் தள்ளித் திறந்து, அவர் அதைச் சொல்லாமலே போய்விட்டார்.