மருதேவியின் கடிகாரம் எடுத்த அழைப்பு

1

இந்தக் கதை எப்படிக் கிடைத்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒட்டுக்கேட்டேன்.

‘திருவண்ணாமலையில் ஓர் அச்சகத்தில் பணிபுரியும்…’ வேண்டாம், மனு மாதிரி இருக்கிறது. ‘மருதேவி ரொம்ப நல்லவள்…’ இப்படி ஆரம்பித்தால் இரண்டாம் வரியை யார் படிப்பார்கள்?

2

மருதேவி என் பக்கத்து வீடு. பரீட்சைக் கேள்வித்தாள் அச்சடிக்கும் இடத்தில் பிழை திருத்துகிறாள். ஒருவர் உரக்கப் படிக்க, இவள் சரிபார்ப்பாள். செல்போனை வாசலிலேயே வாங்கிக்கொள்வார்கள். அறைக்கு ஜன்னல் கிடையாது. இவளோ ஜைனக் குடும்பம். பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டாள்.

அப்போதெல்லாம் வாட்ச்மேன் ராமகிருஷ்ணன் கதவைத் தட்டுவார். “எம்மா, வெயிலு மலை உச்சிக்குப் போயிடுச்சி, டப்பாவத் தொறங்க!” அறையே சிரிக்கும். அவள் சாப்பிட்டு முடிக்கிற வரை வேலை நிற்கும். (நான் பார்த்ததில்லை, அவர் மனைவி வள்ளி சொன்னது. ஆனாலும் அந்தத் தட்டல் என் காதிலேயே இருக்கிறது.)

அவர் ஓய்வுபெற்றதும் மருதேவியின் மகள் த்ரிசலா ஸ்மார்ட் வாட்ச் வாங்கிக் கொடுத்தாள். பொழுது சாயுமுன் கையில் அதிரும். தனி சிம். அம்மாவுக்கு எடுக்கத் தெரியாதென்று, அழைப்பு வந்தால் தானே எடுக்கும்படி வைத்துவிட்டாள். வாசலில் அதை யாரும் கேட்கவில்லை. மணி பார்க்கத்தானே!

3

ஒருநாள் கறிவேப்பிலை இருக்கிறதா என்று கேட்க அவள் கடிகார நம்பருக்குப் போன் போட்டேன். (பொய். அவள் வீட்டு வாசலில் நின்ற கார் யாருடையது என்று கேட்க.) சத்தத்தைக் குறைத்திருந்தாள் போல, என் ‘ஹலோ’ அங்கே கேட்கவில்லை. எனக்குக் கேட்டது: “ஏழாவது கேள்வி. ஏரிகளின் பயன்கள். பத்து மதிப்பெண்.”

போனை வைத்திருக்கலாம். நான்

எதிர்வீட்டு ரேணுகாம்பாளிடம் மட்டும் சொன்னேன்.*

* எங்கள் தெருவில் ‘மட்டும்’ என்றால் செங்கம் ரோடு வரைக்கும்.

பரீட்சை ரத்து. மருதேவிதான் கேள்வியை விற்றாள் என்கிறார்கள். கடிகாரத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். நாளை பத்து மணிக்கு விசாரணை.

4

முடிவு ஒன்று: நான் போய் உண்மையைச் சொல்கிறேன். அவள் விற்கவில்லை என்றாகும், வேலை தப்பலாம். என் மானம்… விடுங்கள்.

முடிவு இரண்டு: நான் வாயே திறக்கவில்லை. (இதைத் தெருவில் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள்.)

முடிவு மூன்று:

5

எழுத விடவில்லை. மருதேவி தட்டோடு வந்துவிட்டாள்.

“தனியா உக்காந்தா எறங்க மாட்டேங்குதுக்கா. வெயில் இருக்கா பாருங்க.”

ராமகிருஷ்ணன் வேலை இப்போது எனக்கு. எட்டிப் பார்த்தேன். “இருக்கு, சாப்டு.”

“யாருக்கா வெளிய சொல்லியிருப்பாங்க? சத்தியமா நான் இல்லக்கா.”

இப்போது சொன்னால் தட்டைத் தள்ளிவிடுவாள். காலை வரை பட்டினி. சாப்பிடட்டும் என்று காத்தால், அதற்குள் எனக்குத் தைரியம் போய்விடும். என்னை எனக்குத் தெரியும்.

நீங்களே சொல்லுங்கள், இப்போதா, அப்புறமா? சீக்கிரம். உச்சியில் ஒரு கை அகல வெயில்தான் மிச்சம்.