மாமனார் வேஷத்துக்கு ஆள் தேவை

எங்கள் நாடக மன்றத்தில் வருஷத்துக்கு ஒரு நாடகம், வருஷத்துக்கு ஒரு தாய் சாவாள். எட்டு வருஷமாக மேடை ஓரத்தில் ஒளிந்து நின்று வசனம் எடுத்துக் கொடுப்பது என் வேலை. அந்த வகையில் எட்டுச் சாவுக்கும் நான் உடந்தை. எட்டாவது தாய் இருமி இருமிச் செத்த அன்றே முடிவு செய்துவிட்டேன். இனி என்னால் ஆகாது. ஜனங்கள் வாய்விட்டுச் சிரிக்கிற மாதிரி நானே ஒன்று எழுதுகிறேன்.

எழுதியும் விட்டேன். பிழைப்புக்கு எனக்குக் குடிநீர் அலுவலகத்தில் புகார் வாங்கும் மேசை. நாள் முழுக்க திட்டு வாங்கிவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் எழுதினேன். மகள் வீட்டுக்கு இரண்டு நாள் தங்க வந்த மாமனார், இரண்டு மாதம் ஆகியும் கிளம்பாமல் குளியலறைக் கதவில் நேர அட்டவணை ஒட்டுகிறார். அதுதான் கதை.

மன்றத்தின் செயலாளர் மருந்துக் கடைக்காரர். எதைச் சொன்னாலும் ‘உணவுக்குப் பின், இரண்டு வேளை’ என்கிற குரலில்தான் சொல்வார். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. பிரதியைக் கையில் வாங்கினார், பிரிக்கவில்லை.

“காமெடி நம்ம ஆளுங்களுக்கு வராதும்மா. மேடையில அசடு வழியும். ஞாயித்துக்கிழமை ஹாலை எடுத்துக்கோங்க. அஞ்சு மணிக்குள்ள ஆறு வேஷத்துக்கும் ஆள் பிடிச்சுக் காட்டினா கையெழுத்து போடறேன். ஒரு வேஷம் குறைஞ்சாலும் பழையபடி தாய் நாடகம்தான்.”

விட்டேனா பார் என்று ஞாயிறு காலை பத்து மணிக்கே போய் உட்கார்ந்தேன். வாசலில் மேசை போட்டுப் பெயர் எழுதிக்கொண்டது என் வீட்டுக்காரர். லிப்ட் ரிப்பேர் செய்கிறவர், வாரம் முழுக்க மேலும் கீழும் போய் வருவதால் ஞாயிற்றுக்கிழமை அசையாமல் உட்காரச் சொன்னால் சந்தோஷப்படுவார். பன்னிரண்டரைக்குள் ஐந்து வேஷத்துக்கு ஆள் கிடைத்தது. மிச்சம் மாமனார். அதற்கு மட்டும் பதினான்கு பேர் வந்திருந்தார்கள்.

அங்கேதான் புத்தி கெட்டுப் போனேன். காமெடிக்கு ஜனம் வேண்டுமே என்று பதினான்கு பேரையும் முன்வரிசையில் உட்கார வைத்து, ஒவ்வொருவராக மேடைக்குக் கூப்பிட்டேன். போட்டிக்கு வந்தவன் அடுத்தவன் நடிப்புக்குச் சிரிப்பானா?

சலூன்காரர் கண்ணை உருட்டி, வேண்டுமென்றே தடுக்கி விழுந்து காட்டினார். ஒரு சத்தம் இல்லை. வங்கிக் காசாளர் மூக்கால் பேசிப் பார்த்தார். சத்தம் இல்லை. டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர், பயத்தில் ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் வலது காலால் தரையை பிரேக் மாதிரி மிதித்தார். அது உண்மையிலேயே நன்றாக இருந்தது. முன்வரிசையில் அத்தனை பேரும் கன்னத்தை உள்ளே இழுத்துக்கொண்டு மேலே ஃபேனைப் பார்த்தார்கள். “எனக்கு சிரிப்பு முட்டிக்கிட்டு வந்துச்சு. பல் பிடுங்கினதை நினைச்சு அடக்கிட்டேன்” என்று காசாளர் பக்கத்து ஆளிடம் பெருமையாகச் சொன்னது என் காதில் விழுந்தது.

பதினான்கு பேரும் நடித்து முடித்தார்கள். இன்னொரு சுற்று வைத்தேன். அதுவும் முடிந்தது. மணி நாலரை.

“யாரையாவது போட்டுடேன். அஞ்சாகப் போகுது” என்றார் என் வீட்டுக்காரர்.

“யாரையாவது போடறதுக்கு இது என்ன, லிப்ட்ல ஆள் ஏத்துறதா?” என்று அவர்மேல் பாய்ந்தேன். பாவம், அவர் என்ன செய்வார். மாமனார் சிரிக்க வைக்காவிட்டால் நாடகமே இல்லை. செயலாளர் சொன்னது நூறு பேர் எதிரில் பலித்துவிடும். அதற்குப் பிறகு இந்த ஊரில் ஒருவரும் காமெடி என்ற பேச்சையே எடுக்க மாட்டார்கள்.

நாலே முக்காலுக்குச் செயலாளர் சாவிக்கொத்தோடு வந்தார். முதலில் அவர் கண்ணில் பட்டது நாற்காலிகள்.

“இந்த ஹால்ல மொத்தம் நூத்தி இருபது நாற்காலி” என்று ஆரம்பித்தார். “நூத்திப் பதினெட்டுக்கு நாலு கால் இருக்கு. ரெண்டுக்கு மூணு கால். அந்த ரெண்டையும் சுவத்துல சாய்ச்சு, ‘உட்காராதீர்’னு நானே எழுதி ஒட்டியிருக்கேன். அதுல ஒண்ணு இப்ப சுவத்துல இல்ல.”

டிரைவிங் மாஸ்டர் மெதுவாக எழுந்தார். நாற்காலி மெதுவாகச் சாய்ந்து விழுந்தது.

எங்கிருந்தோ ஒரு சிரிப்பு வெடித்தது. காசாளர்தான். செயலாளர் போட்டிக்கு வந்த ஆள் இல்லையே, அடக்குவானேன்? காலையிலிருந்து பூட்டி வைத்திருந்த மொத்தச் சிரிப்பும் திறந்துகொண்டது.

செயலாளர் காத்திருந்தார். முகத்தில் ஒரு சுருக்கம்கூட மாறவில்லை. சத்தம் அடங்கி, ஒருவர் மட்டும் கடைசியாக மூச்சு வாங்குகிற நொடியில் தொடர்ந்தார்.

“இது சிரிக்கிற விஷயம் இல்ல. போன வருஷம் பொருளாளர் உட்கார்ந்தார். இன்னும் குப்புறத்தான் படுக்கறார்.”

சலூன்காரர் தரையில் விழுந்தார். இந்த முறை நடிப்பில்லை. நான் சிரிக்கவில்லை, எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஜனங்கள் சிரிக்கும்போதே பேசிக் கெடுக்காமல், சிரிப்பை ஆறவும் விடாமல், சரியான இடத்தில் அடுத்த வாக்கியத்தை வைக்கத் தெரிய வேண்டும். யாரும் சொல்லிக் கொடுத்து வருவதில்லை அது. மாமனார் சாவிக்கொத்தோடு என் எதிரில் நிற்கிறார்!

பிரதியை நீட்டினேன். “சார், இந்தப் பக்கத்தை ஒரு தடவை படிங்க.”

“நான் செயலாளர். நடிகன் இல்ல.”

“நடிக்க வேணாம் சார். தப்பு ஏதாவது இருக்கான்னு மட்டும் பாருங்க.”

தப்பு என்றதும் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். படித்தார். “‘மாப்ளே, குளியல் நேரம் தலைக்கு ஏழு நிமிஷம். உங்களுக்குத் தலையில முடி குறைவு, அதனால அஞ்சு.’”

இப்போது அவரும் போட்டியில் இருக்கிறார் என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது. ஆனால் சிரிப்பை அடக்கக் காலம் கடந்துவிட்டது. காசாளர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திப் பார்த்தார், பல் பிடுங்கினதெல்லாம் உதவவில்லை. சலூன்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “எனக்கு வேணாம்மா இந்த வேஷம்! அவருக்கே குடுத்துடுங்க!” என்று கத்தினார்.

செயலாளர் கண்ணாடியைக் கழற்றினார். காது சிவந்திருந்தது. “என்னைப் பார்த்தா சிரிக்கறீங்க?”

ஒரு வார்த்தை தப்பினால் எல்லாம் போச்சு. புகார் மேசையில் நான் கற்றது ஒன்றுதான், கோபமாக இருப்பவரிடம் பொய் சொல்லக்கூடாது.

“ஆமா சார். உங்களைப் பார்த்துத்தான். பதினாலு பேர் தலைகீழா நின்னும் வராத சிரிப்பு சார் இது. நீங்க இல்லன்னா என் நாடகம் இல்ல.”

அவர் முன்வரிசையை ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கிண்டல் எதுவும் அகப்படவில்லை போலிருக்கிறது. கண்ணாடியை மறுபடி மாட்டினார்.

“அடுத்த பக்கம் எங்கே?”

கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டுத்தான் நிறுத்தினார். மணி ஆறு. ஐந்து மணிக் கெடுவை அவரே மறந்திருந்தார். என் வீட்டுக்காரர் நீட்டிய பட்டியலில் ஆறாவது வரியில் தன் பெயரைத் தானே எழுதினார். கீழே கையெழுத்துப் போடப் போனவர், பேனாவை நிறுத்தினார்.

“இதுல தப்பு இருக்கு.”

“என்ன சார்?”

“எழுத்து, இயக்கம்னு போட்டு எதிர்ல காலியா விட்டிருக்கீங்க. பேர் இல்லாத தாள்ல நான் கையெழுத்து போடறதில்ல.”

காலையில் பயந்துகொண்டு நான் காலியாக விட்ட இடம் அது. பேனாவை என்னிடம் கொடுத்தார். பதினான்கு பேரும் எழுந்து நின்று கை தட்டத் தட்ட, ஆறு பெயர்களுக்கும் மேலே என் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதினேன்.