கண்ணாடியில் ஒரு கை

கிரெய்க் தன் துப்பாக்கியை என் சமையலறை மேசையில், வெண்ணெய்த் தட்டுக்குப் பக்கத்தில் கிடத்தி, அதன்மேல் பூட்டியிருந்த, குறிபார்க்கும் ஸ்கோப்பின் மூடிகளை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினான். கல்யாண வீட்டில் நகைப்பெட்டி திறப்பவர்களுக்குக்கூட இத்தனை பவிசு இருக்காது. என் தங்கை டெனிஸ் இவனிடம் எதைக் கண்டு மயங்கினாள் என்பது இத்தனை வருஷமாகியும் எனக்கு விளங்கவில்லை.

"அஞ்சு மடங்குலேருந்து இருபத்தஞ்சு மடங்கு வரைக்கும் பவர். இந்த வளையத்தைத் திருப்புனா போதும். எதிர் மலையில நிக்கிற மானோட கண்ணிமை தெரியும்."

"கண்ணிமைய வெச்சு என்ன பண்ணப்போற? வறுத்துத் தின்னவா?" என்றேன்.

"ஷோனா, காலங்காத்தால ஆரம்பிக்காத" என்றான் என் கணவன் முரே. கூடப்பிறந்தவர்கள் இல்லாதவன். ஆக்லாந்திலிருந்து வருஷம் ஒருமுறை, கலைமான்கள் கத்தும் ஏப்ரலில் மட்டும் வந்து போகிற இந்தச் சகலையின் மேல் அவனுக்கு அப்படியொரு வாஞ்சை. குனிந்து அந்தக் கண்ணாடியைப் பார்த்து, "அடேயப்பா" என்று வேறு சொல்லிவைத்தான்.

சும்மா சொல்லக்கூடாது, சாமான் நல்ல சாமான்தான். முரேயின் துப்பாக்கியில் இருக்கும் பழைய ஸ்கோப்புக்கு ஒரே பவர், நாலு. பொழுது சாய்ந்தால் மானும் பாறையும் அதில் ஒன்றுதான்; அதைத் திட்டாமல் அவன் மலையிறங்கிய நாள் கிடையாது. கிரெய்க்கினுடையதில் முன்கண்ணாடி பெரிது, மங்கிய வெளிச்சத்திலும் கொம்பின் கிளைகளை எண்ணலாம். வெட்டவெளிச் சரிவில் பவரைக் கூட்டிக்கொள்ளலாம், காட்டுக்குள் நுழையும்போது குறைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த வளையத்தை ஒரு மனிதன் திருப்ப வேண்டுமே! கூட்டக் கூட்ட, தெரிகிற வட்டம் சுருங்கிக்கொண்டே போகும், கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும். அதை நினைவில் வைத்துக்கொள்ளும் மூளையைக் கடைக்காரன் அட்டைப்பெட்டியில் போட்டுத் தருவதில்லை.

மூன்று பேரும் வேட்டைக்குக் கிளம்பி, மாருயா ஆற்றைத் தாண்டி மேட்டில் ஏறியதும் கிரெய்க் துரை துப்பாக்கியைத் தூக்கி, ஸ்கோப் வழியாக மலையைச் சுற்றிப்பார்க்கத் தொடங்கினார். வேலியோரம் பக்கத்துப் பண்ணைக்காரர் தன் ஆடுகளை ஓட்டிப் போய்க்கொண்டிருந்தார்.

"பாக்கறதுக்கு பைனாகுலர் இருக்கு. ஸ்கோப் போற பக்கமெல்லாம் குழலும் போகும், தெரியுமில்ல?"

"சேஃப்டி போட்டிருக்கேன், ஷோனா. நான் என்ன குழந்தையா?"

குழந்தையாக இருந்திருந்தால் காதைத் திருகியிருக்கலாம். பார்த்து முடித்தவன் வளையத்தை இருபத்தைந்திலேயே விட்டுவிட்டு எங்களோடு பீச் மரக்காட்டுக்குள் இறங்கினான். பாசி படர்ந்த ஒரு மேட்டைச் சுற்றித் திரும்பினோம். எங்கள் மாட்டுக்கொட்டகையின் நீளம்கூட இராது, அவ்வளவு கிட்டத்தில் ஒரு கலைமான் பக்கவாட்டில் நின்றது. முரே ஒதுங்கி அவனுக்கு வழிவிட்டான். கிரெய்க் ஸ்கோப்பில் கண்ணை வைத்தான். இந்தப் பக்கம் அசைத்தான், அந்தப் பக்கம் அசைத்தான்.

"எங்க இருக்கு? எல்லாம் வெறும் ரோமமாத் தெரியுதே!"

இந்தக் கத்தலுக்குப் பிறகு மான் நிற்குமா? அது போன வழியில் கிளைகள் முறிகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. நான் வாய்விட்டுச் சிரித்தேன். கிரெய்க்கின் காது மடல்கள் சிவந்தன. முரே மட்டும், "பரவாயில்ல சகலை, எல்லாருக்கும் நடக்கிறதுதான்" என்றான். எல்லாருக்கும் எங்கே நடக்கிறது?

மான் எந்தப் பக்கம் போயிற்று என்று பார்த்துவர முரே கீழே இறங்கினான். இங்கே ஒரு வழக்கம் உண்டு. கூட வந்தவன் கண்ணைவிட்டு மறைந்தால், அவன் திரும்பக் கண்ணில் படும்வரை யாரும் தோட்டாவைத் துப்பாக்கியின் அறைக்குள் ஏற்றக்கூடாது. எதிரில் என்ன வந்து நின்றாலும் சரி. முரே அதைச் சொல்லிவிட்டுத்தான் போனான். கிரெய்க்கும் தலையை ஆட்டினான்.

ஓடைக்கு மேலே உட்கார்ந்து தேநீர்க் குடுவையைத் திறந்தேன். கிரெய்க் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். எதிர்க்கரைப் பெரணிப் புதர் அசைந்தது. நான் மூடியைக் கீழே வைப்பதற்குள் தோட்டாவை உள்ளே தள்ளும் போல்ட் முன்னால் போய்ப் பூட்டிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"மான்" என்று கிசுகிசுத்தான். "பின்பக்கம் தெரியுது. பழுப்பு. இந்தத் தடவை விடமாட்டேன்."

பைனாகுலரைக் கண்ணுக்குக் கொடுத்தேன். பழுப்புதான். முரேயின் கம்பளிக் கால்சட்டை. குனிந்து பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தான். முதுகில், மற்றவர் கண்ணில் படுவதற்கென்றே போட்டிருந்த ஆரஞ்சு நிறச் சட்டை நெருப்பாய்த் தெரிந்தது. ஆனால் இவன் வட்டத்துக்குள் அந்த முதுகு இல்லை; முழங்காலும் தொடையும் இரண்டு பெரணி இலையும்தான். வளையத்தைக் கொஞ்சம் குறைத்திருந்தால் முழு ஆளும் தெரிந்திருப்பான்.

சேஃப்டி விடுபட்டது. கத்தினால் இவன் விரல் திடுக்கிடும். கையை நீட்டி அந்த முன்கண்ணாடியை உள்ளங்கையால் பொத்தினேன்.

"என்ன எழவு பண்ற? ஒண்ணும் தெரியல, மான் போயிடும்!"

"விரல எடு" என்றேன். "போல்ட்ட உருவிக் குடு."

குழலை வானத்துக்குத் திருப்பும்வரை கண்ணாடியிலிருந்து நான் கையை எடுக்கவில்லை. அவன் கொடுத்த போல்ட்டைச் சட்டைப்பைக்குள் போட்டேன். பைனாகுலரை அவன் கழுத்தில் மாட்டி, "இப்பப் பாரு" என்றேன்.

பார்த்தான். முரே நிமிர்ந்து, எங்களைக் கண்டுகொண்டு, பாட்டிலை உயர்த்தி ஆட்டினான். கிரெய்க்கின் கை தானாக எழுந்து பதிலுக்கு ஆட்டியது. பிறகு இறங்கி அவன் வாயைப் பொத்திக்கொண்டது. சொல்லப்போனால், அந்த ஒரு நிமிஷம் அவன்மேல் எனக்கு இரக்கம்கூட வந்தது. அவன் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம்.

"இந்த ஸ்கோப்புல கிட்டத்துல ஃபோகஸ் சரியில்ல, ஷோனா. போனவுடனே கடையில திருப்பிக் குடுத்துடறேன்."

த்தூ! என் புருஷனைப் பிணமாக்கப் போனவன் கண்ணாடியைக் குறை சொல்கிறான்.

"முரேகிட்ட சொல்லிடாத" என்றான் அப்புறம். "டெனிஸ்கிட்டயும்."

நான் குடுவையைப் பொறுக்கி எடுத்தேன். தேநீர் முழுக்கப் புல்லில் கொட்டிக்கிடந்தது.

முரே முழங்கால் வரை நனைந்து, மூச்சிரைக்க ஏறிவந்தான். "என்ன ரெண்டு பேரும் பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க? ஏதாவது கண்ணுல பட்டுச்சா?"

அவன் குனிந்து கிரெய்க்கின் துப்பாக்கியை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான். முன்கண்ணாடியில் என் உள்ளங்கை ரேகை எண்ணெய்ப் பிசுக்காய்ப் படிந்திருந்தது.

"அடப்பாவி சகலை! இவ்வளவு நல்ல கண்ணாடியில எவன் கைய வெச்சது?"

கிரெய்க் என்னைப் பார்த்தான். நான் சட்டைப்பைக்குள் போல்ட்டை இறுகப் பிடித்துக்கொண்டேன். முரே ஆரஞ்சுச் சட்டையின் முனையை இழுத்து, கண்ணாடியில் வாயால் ஆவி ஊதி, பச்சைப்பிள்ளையின் முகத்தைத் துடைப்பதுபோல் மெல்லத் துடைக்கத் தொடங்கினான்.