அப்பா நடந்த அடிகள்

பெருந்தொற்றால் அரெக்கிப்பாவில் ஊரே கதவடைத்துக் கிடந்தது. கல்லூரிக்கோ உடற்பயிற்சிப் பாடத்தின் மேல் திடீர்ப் பாசம். தினம் ஆறாயிரம் அடி நடக்க வேண்டும், போனில் விழும் காலடிக் கணக்கை வெள்ளிதோறும் அனுப்ப வேண்டும். தவறினால் பாடம் போச்சு; கூடவே நெலிடாவின் உதவித்தொகையும் போச்சு.

நெலிடாவுக்கு நடக்க எங்கே தெம்பு? தேர்வு, நோய், தெருவில் விழும் சாவு என்று நினைத்து நினைத்து விடியற்காலை மூன்று மணிவரை விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அப்புறம் படுத்தால் மதியம்தான் எழுந்திருப்பாள். அதனால் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தாள். வேன் ஓட்டும் அப்பா எவாரிஸ்தோ வேலையில்லாமல் மொட்டைமாடியில் கறிக்கு வளர்க்கும் கினிப்பன்றிகளின் கூண்டுகளைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். படுக்கப் போகும்போது போனை அவருடைய கம்பளிச் சட்டைப்பையில் போட்டுவிடுவாள். காலையில் அதை மாட்டிக்கொண்டு அவர் நடப்பார் என்பது ஏற்பாடு. "படிக்கிறது நீ, கால் தேயறது எனக்கா?" என்று கேலி செய்தாலும், சட்டையை அவர் ஒருநாளும் மறக்கவில்லை.

மூன்றாம் வாரம் ஆசிரியை பரேதெஸ் போன் செய்தார். குட்டு வெளிப்பட்டுவிட்டது என்று நினைத்தாள் நெலிடா. அவரோ மெதுவாகக் கேட்டார்: "ராத்திரி மூணு மணிக்கு எதுக்கும்மா நடக்குற? தூக்கம் வரலையா?"

அதுவரை கூட்டுத்தொகையை மட்டுமே பார்த்திருந்தவள், இப்போது மணிவாரியாகப் பார்த்தாள். திங்களன்று அவள் விளக்கை அணைத்தது மூன்றுக்கு. நடை தொடங்கியது மூன்றேகாலுக்கு. புதனன்று நான்குக்கு அணைத்தாள், நடை நான்கேகாலுக்கு. படுத்ததும் தூங்கிவிடுவேன் என்று பெருமையடித்துக்கொள்ளும் மனிதர், மகளின் அறை இருட்டாகும்வரை கண்மூடாமல் காத்திருந்திருக்கிறார். அதற்குப் பிறகும் தூக்கம் பிடிக்காமல் மாடிக்குப் போயிருக்கிறார். நெலிடா போனைத் திரும்பக் காதில் வைத்தாள்.

"மேடம், அது நான் நடந்தது இல்ல. எங்கப்பா நடந்தது," என்றாள்.

மூன்று வாரத்துக்கும் மதிப்பெண் கிடையாது, மிச்ச வாரங்களில் அவளே நடந்தால் தேறலாம் என்றார் பரேதெஸ். கஷ்டம்தான், முடியாததில்லை.

அன்று மாலை அவளும் மாடிக்கு ஏறினாள். நானூறு அடியிலேயே மூச்சு வாங்கியது. அப்பா சிரித்தார். போன் எங்கே என்று கேட்டார். இனி அது தன்னிடமே இருக்கும் என்றாள், காரணம் சொல்லவில்லை.

பத்து மணிக்கு விளக்கை அணைத்துவிட்டு, கண்ணைத் திறந்துகொண்டே படுத்திருந்தாள். பயமெல்லாம் வரிசையாக வந்தது. விளக்கைப் போடக் கை நீண்டது, போடவில்லை. கால்மணி நேரம் கழித்துப் பக்கத்து அறையிலிருந்து அப்பாவின் குறட்டை கேட்டது.