முதல் சண்டே யாருடையது

இந்த ஊரில் ஐஸ்கிரீமின் மேல் சூடான சாக்லேட் ஊற்றி, அதற்குச் சண்டே என்று பெயர் சொல்லி முதலில் விற்றவர் என் மாமனார். எங்கள் கடைப் பலகையில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. எதிர்க்கடைக்காரர்களும் தங்கள் பலகையில் அதையே எழுதி வைத்திருக்கிறார்கள். அதனால் முப்பது வருடமாக இரண்டு குடும்பத்துக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

அந்த வீட்டுப் பையனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று என் மகள் ஒற்றைக் காலில் நின்றாள். ஒரு காலை, கடை திறக்கும் முன்பே, அவன் அப்பா மகனோடு பெண் கேட்டு வந்து உட்கார்ந்தார்.

"முதல்ல உங்க பலகையை இறக்குங்க. அப்புறம் பேசலாம்," என்றேன்.

"ஏன், நீங்க இறக்கக் கூடாதா? வாழைப்பழத்தைப் பிளந்து மூணு உருண்டை வெச்சுத் தர்றது நாங்க மட்டுந்தான்."

"பழம் பழக்கடையிலயும்தான் இருக்கு. சண்டேன்னா என்னன்னு நான் காட்டறேன்."

"அம்மா, வேண்டாம்மா," என்றாள் மகள்.

நான் காதில் வாங்கவில்லை. ஃப்ரீசரிலிருந்து உயரமான கிளாஸை எடுத்தேன். சாக்லேட் சாஸை முதலில் அடியில் ஊற்றுவது எங்கள் வழக்கம். கடைசிக் கரண்டியும் சப்பென்று இருக்கக் கூடாது. விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிடுங்கள் என்று வேலையாட்களை நாள் தவறாமல் திட்டுகிறவள் நான். அன்று வீம்பில், அடுப்பிலிருந்து இறக்கியதை அப்படியே ஊற்றிவிட்டேன்.

கிளாஸ் பட்டென்று விரிசல் விட்டு உடைந்தது. சாஸ் மேசையெல்லாம் ஓடியது. எதிர்க்கடைக்காரர் முன்னால், என் கடையில், என் கையால்! இனி எந்த முகத்தோடு பேசுவது? சம்பந்தம் அதோடு போயிற்று என்றே நினைத்தேன்.

அவர் எழுந்தார். வாசலுக்குப் போவார் என்று பார்த்தால், கவுண்டருக்குப் பின்னால் வந்து கை கழுவினார்.

"போன வாரம் எங்க கடையில ரெண்டு போச்சு. உடைச்சது நான்தான். வெளியில சொல்லிடாதீங்க."

இன்னொரு கிளாஸ் எடுத்தேன். ஆறிய சாஸை நான் அடியில் ஊற்ற, அவர் கரண்டியை வெந்நீரில் முக்கி உதறி, உருண்டையைப் பிசகாமல் இறக்கினார். வறுத்த பாதாம் கிரீமுக்கு முன்னாலா, பின்னாலா என்று மறுபடி சண்டை மூண்டது.

"முன்னாடி போட்டா நமுத்துடுங்க," என்றேன்.

"மேல போட்டா முதல் வாயிலயே தீர்ந்துடும்."

பிள்ளைகள் இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பாதி உள்ளே, பாதி மேலே என்று முடிந்தது.

அவர் நின்றபடியே அடிவரை சாப்பிட்டார். "அடியில சாஸ். இது எங்களுக்குத் தோணவே இல்லை," என்றார்.

அவரே அப்படிச் சொன்ன பிறகு நான் விறைத்துக்கொண்டு நிற்பது எங்கள் குடும்பத்துக்கு அழகல்ல.

"பலகை இறங்காது," என்றேன்.

"எங்களோடதும் இறங்காது. பொண்ணைக் குடுங்க, போதும்."

மகள் என்னையே பார்த்தாள்.

"என்ன பார்த்துக்கிட்டு நிக்கிறே? உன் மாமனாருக்கு ஒரு நாற்காலி போடு," என்றேன்.