அம்மாக்கள் பிரிவு

அந்தத் தெருவில் ஏறிப் பார்க்காமல் மிச்சமிருந்த ஒரே துணிக்கடை அது. மற்ற கடைகளில் எல்லாம் டபுள் சீட்டை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கையை விரித்திருந்தார்கள். ஒரு கடைக்காரர் மட்டும், "இழுத்தா வரும்மா, அப்படிப்பட்ட துணி" என்று சத்தியம் பண்ணினார். இழுத்தாள், வந்தது, தோள்பட்டையோடு நின்றுவிட்டது. அதைக் கழற்ற இரண்டு பேர் வேண்டியிருந்தது.

அவளுக்கு இதெல்லாம் புதிதில்லை. பள்ளிப் பேருந்தில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலை அவளுக்கு. இரண்டு பேர் உட்காரும் இருக்கையை அவள் ஒருத்தியே அடைத்துக்கொள்வதைப் பார்த்துப் பிள்ளைகள் வைத்த பெயர்தான் டபுள் சீட். பெயர் அவளுக்கே பிடித்துப்போய், போனை எடுத்தால்கூட "டபுள் சீட் பேசுறேன்" என்பாள். உடம்பைப் பற்றி அவளுக்குக் கூச்சமே கிடையாது. அன்றைக்கு அவளைப் படுத்தியது வேறு விஷயம்.

கல்யாணம் அவள் மருமகளுக்கு. மகன் ஒரு வாரக் காய்ச்சலில் போய் மூன்று வருடமாகிறது. அதற்குப் பிறகும் அந்தப் பெண் பிறந்த வீட்டுக்குப் போகவில்லை. மாமியாரும் மருமகளும் ஒரே வீட்டில், ரிமோட்டுக்குச் சண்டை போட்டுக்கொண்டு காலத்தை ஓட்டினார்கள். "இப்படியே எத்தனை நாளைக்குடி கிடப்ப?" என்று நச்சரித்தது டபுள் சீட்தான். மருமகள் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு ஒருவர் கண்ணாடி வாங்க வந்தார். வாங்கிய பிறகும், பிரேம் லூசாக இருக்கிறது, டைட்டாக இருக்கிறது என்று வந்துகொண்டே இருந்தார். "நல்ல மனுஷன்டி, சரின்னு சொல்லு" என்று அடித்துச் சொன்னதும் அவள்தான். சொல்லும்போது சுலபமாகத்தான் இருந்தது. அழைப்பிதழைக் கையில் வாங்கியபோதுதான் உறைத்தது. அவள் வீட்டுப் பெண்ணின் கல்யாணத்துக்கு அவள் விருந்தாளி.

"நான் எதுக்கும்மா அங்க? வீட்டுலயே இருந்துக்கிறேன்."

"நீங்க சர்ச்சுல வந்து முன்னால உட்காரலைன்னா, பாதிரியார் கேட்கும்போது நான் சரின்னு சொல்ல மாட்டேன் அத்தை. பாதியில எழுந்து வந்துடுவேன்."

மிரட்டல் இல்லை. அவள் செய்யக்கூடியவள். அவளுக்கு ஒரு வாழ்க்கை அமைய வேண்டுமென்றால் இவள் போய்த்தான் ஆக வேண்டும். போவதென்றால் போட்டுக்கொள்ள ஏதாவது வேண்டும். அதற்குத்தான் இந்த அலைச்சல்.

கழுத்தில் அளவு நாடாவைத் தொங்கவிட்டிருந்த கடைக்காரப் பெண் வாயாடி, ஆனால் பொய் சொல்லாதவள். "விருந்தாளிங்க போடுறது இந்த வரிசை. டபுள் எக்ஸெல்லோட சரி. அதுக்கு மேல வேணும்னா மாடியில அம்மாக்கள் பிரிவுலதான் இருக்கும். பொண்ணோட அம்மா, மாப்பிள்ளையோட அம்மாவுக்குன்னு தனியா தைக்கிறது. வெளியாளுக்கு அந்த அளவுல தைச்சா விக்காதுக்கா." கூட வந்திருந்த மருமகளைப் பார்த்தாள். "நீங்கதானே கல்யாணப் பொண்ணு?"

மருமகள் தலையாட்டினாள்.

"அப்ப நீங்க மாப்பிள்ளை அம்மாவா?"

"ஆமா" என்றாள் டபுள் சீட்.

வேண்டுமென்று சொன்னதில்லை. இந்தப் பெண்ணோடு சேர்ந்து எங்கே போய் நின்றாலும் அதுதான் பதில், நாக்குக்குப் பழகிப்போயிருந்தது. திருத்தலாமென்று வாயெடுப்பதற்குள் கடைக்காரப் பெண் பாதிப் படி ஏறிவிட்டாள்.

மாடியில் கருநீலத்தில் ஒரு நீள கவுன். நெஞ்சு முழுக்க வெள்ளை மணிகள். தலை வழியாக இறங்கி, தோளில் உட்கார்ந்து, இடுப்பில் பிடிக்காமல் கால்வரை விழுந்தது. கண்ணாடியில் பார்த்தபோது டபுள் சீட்டுக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. கடைக்காரப் பெண் மண்டிபோட்டுக் கீழ் விளிம்பை மடித்து ஊசி குத்தத் தொடங்கினாள். கை சும்மா இருந்தாலும் வாய் சும்மா இருக்காது போல.

"பையனும் உங்களை மாதிரி வாட்டசாட்டமாக்கா?"

"உயரம். வாசப்படியில தலை இடிக்காம நுழைஞ்சதே கிடையாது. ஆனா ஒடிசல். நான் அவனுக்கு ஊட்டினதெல்லாம் என் உடம்புலதான் ஒட்டுச்சு."

மருமகளின் முகத்தில் ஈயாடவில்லை.

"கோபம் வருமா?"

"வராது. பசி வந்தா மட்டும்..." டபுள் சீட் நிறுத்திக்கொண்டாள். வரம்பு மீறிவிட்டோமென்று அவளுக்கே தெரிந்தது.

"பசி வந்தா எதிர்ல யாருன்னே பார்க்க மாட்டார்" என்றாள் மருமகள், மெதுவாக. "ஒரு தடவை எங்க அப்பாவோட தட்டுலயே கைய வெச்சுட்டார். அதுவும் முதல் நாள்."

மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கடைக்காரப் பெண் கேட்கக் கேட்க இருவரும் போட்டி போட்டுக்கொண்டு சொன்னார்கள். அவனுடைய குறட்டை, அவன் பாடுகிற லட்சணம், செருப்பைத் தேடி வீட்டையே தலைகீழாக்குவது. அந்தக் கொஞ்ச நேரம் அவன் உயிரோடு இருந்தான், அவனுக்குக் கல்யாணம் நடக்கவிருந்தது. பொய்தான். அதனால் யார் குடி முழுகிவிடப்போகிறது?

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. இரண்டு பேரையும் வண்டியில் கூட்டிப்போக மாப்பிள்ளை வந்திருந்தார். குட்டையானவர், லேசாகத் தொப்பை, கையில் வண்டிச் சாவி.

"மாப்பிள்ளை வந்தாச்சா! வாங்க, உங்க அம்மா எப்படி இருக்காங்கன்னு பாருங்க" என்று எழுந்த கடைக்காரப் பெண், அவரை ஒருமுறை அளந்து பார்த்துவிட்டு டபுள் சீட்டிடம் திரும்பினாள். "என்னக்கா, வாசப்படி இடிக்கும்னீங்க?"

யாரும் சிரிக்கவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது. அந்த வீட்டுக் கதை முழுவதும் தெரிந்தவர். தரையைப் பார்த்தபடி, "ரொம்ப நல்லா இருக்கும்மா" என்றார். நல்ல மனிதர், அதுதான் சங்கடம். கோபப்படக்கூட அவளுக்கு வழி வைக்கவில்லை.

"நான் சொன்னது என் பையனைப் பத்திம்மா" என்றாள் டபுள் சீட். "இவளோட முதல் புருஷன். செத்துப்போயிட்டான். மாப்பிள்ளை இவர்தான். நான் விருந்தாளி."

கடைக்காரப் பெண் பேயறைந்த மாதிரி நின்றாள்.

"இதையே எடுத்துக்கிறேன். மணியை மட்டும் பிரிச்சுடு. மாப்பிள்ளை அம்மா வேற ஒருத்தங்க இருக்காங்க, அவங்க மினுக்கட்டும்."

சொல்லிவிட்டு உடை மாற்றும் அறைக்குள் போய்விட்டாள். முதுகு ஜிப் கைக்கு எட்டவில்லை. மருமகள் பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினாள். ஜிப்பைப் பாதி இறக்கியவள், அந்த அகலமான முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள்.

"நீங்க முன்னால உட்கார்ந்திருந்தா உங்க பையனே வந்து சரின்னு சொன்ன மாதிரி இருக்கும் அத்தை. அதுக்குத்தான் வரச் சொன்னேன்."

"தெரியும்டி." டபுள் சீட் திரும்பவில்லை. "நான் வர்றேன். முன்னாலயே உட்கார்றேன். ஆனா நான் மட்டும்தான் வருவேன். அவனைக் கூட்டிட்டு வர என்னால முடியாதும்மா."

மருமகள் ஜிப்பை முழுக்க இறக்கிவிட்டாள்.

"போ. பாவம், அந்த மனுஷன் தனியா நிக்கிறார்."

மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள். மகன் போன நாளிலிருந்து இந்தப் பெண்ணைத் தேற்றுவதிலேயே டபுள் சீட்டுக்குப் பொழுது போய்விட்டது. இனி அவள் தேற்றுவதற்கு யாரும் இல்லை. பாதி கழற்றிய கவுனோடு அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்து, தன் பிள்ளைக்காக வாய்விட்டு அழுதாள்.