எல்லா ஹீட்டரையும் போடுங்க

பள்ளத்துக்கு மேலே போய் ஊருக்கே மின்சாரம் கொண்டுவரும் கம்பியை அண்ணாந்து பார்த்தேன். ஈரப்பனி அதில் கை பருமனுக்கு அப்பியிருந்தது. நான்தான் ஊர் லைன்மேன். ஊருக்குள் இருந்த கம்பிகளை நீளக் கழியால் தட்டிவிட்டேன், இது எட்டாது. அறுந்தால், எங்கள் பித்லிஸ் மலையில் பனி மூடிய பாதை திறக்கும்வரை மின்சாரம் கிடையாது. நுரையீரல் கெட்டுப்போன எங்கள் ஊர் ஜெம்ஷித் அண்ணனோ ஆக்ஸிஜன் இயந்திரத்தை நம்பித்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

ஊர்த்தலைவர் ஹாலித் பெருமையாக வந்தார். "கவலைப்படாதே ஸெக்கி. ஜெம்ஷித்துக்குக் கரண்ட் குறையக் கூடாதுன்னு ஊரே ஹீட்டரை அணைச்சுட்டு நடுங்கிட்டுக் கெடக்கு."

"அடப்பாவிகளா! கரண்ட் ஓடுனாத்தானே கம்பி சூடாகும்? சூடு இருந்தாத்தானே பனி ஒட்டாது? எல்லாத்தையும் போடச் சொல்லுங்க!"

இரக்கப்பட்டே கெடுத்திருக்கிறார்கள். யாரைப் போய்த் திட்டுவது?

பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஹாலித் அறிவித்தார். ஒரு வீடும் அசையவில்லை. காரணம் நான்தான். கொக்கி போட்டுத் திருட்டுக் கரண்ட் எடுத்தவர்களைப் பனிக்கு முன்புவரை விரட்டி விரட்டிப் பிடித்தவன் நான். முன்பு என்னிடம் மாட்டிய நெர்மீன் ஜன்னலைத் திறந்தாள்.

"பூனை எலிக்கு விருந்து வைக்குதா? நாங்க போட்டதும் வந்து அபராதம் எழுதிட்டுப் போகவா?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. பள்ளிவாசலுக்கு ஓடி மைக்கைப் பிடுங்கினேன். "கொக்கியும் போடுங்க! கொட்டில்லயும் போடுங்க! இன்னைக்கு எனக்குக் கண்ணு தெரியாது. எங்கம்மா மேல ஆணை! ஜெம்ஷித் அண்ணன் சாகக் கூடாது!" என்று அலறினேன்.

வீடு வீடாக வெளிச்சம் வந்தது. நெர்மீன் மூன்று ஹீட்டர் வைத்திருந்தாள், திருடி! ஆனாலும் பள்ளத்துக் கம்பி தொய்ந்தபடியே இருந்தது. ஜெம்ஷித் வீட்டு ஜன்னலோரம் நின்று அதையே பார்த்தேன். அவர் மனைவி கெஸால் அக்கா முக்காட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

ஜெம்ஷித் முகமூடியை விலக்கினார். "ஸெக்கி... திட்டமாட்டியே?"

"சொல்லுங்கண்ணே."

"எங்க கொட்டில்லயும் கொக்கி ஒண்ணு இருக்கு. ரெண்டு பெரிய ஹீட்டர். கோழிக்குஞ்சுக்கு..."

கெஸால் தலையில் அடித்துக்கொண்டாள். "மூச்சு இழுக்கறப்பதான் இதச் சொல்லணுமா?"

"ஓடுங்கக்கா, போய்ப் போடுங்க!" என்று கத்தினேன்.

கொஞ்ச நேரத்தில் பனி பாளம் பாளமாகப் பள்ளத்தில் விழுந்தது. கம்பி துள்ளி மேலே எழுந்தது. நான் ஜெம்ஷித்தின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அவர் சிரித்தார். "நாளைக்கே கொக்கியைப் புடுங்கிடாதடா. பனி விழறது நிக்கட்டும்."